ரேந்தையின் கணக்கு

தறியும் அடித்துணியும் இல்லாமல், நூலை நூலோடு குறுக்கிட்டும் முறுக்கியும், வேண்டிய இடங்களில் வெளியை விட்டும் ஆக்கப்படுகின்ற திறந்த பின்னலே ரேந்தை எனப்படும். இலங்கைத் தமிழில் இன்றும் வழங்கும் இச்சொல் ‘ரெந்தா’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. மேசை, அலமாரி, வாங்கு, சப்பாத்து, லேஞ்சி ஆகிய சொற்கள் கரையேறிய அதே கப்பல்களில் இதுவும் கரையேறியது. பின்னுவதற்குரிய சிறு மரக்கட்டையைச் சிங்களத்தில் ‘பீரலு’ என்பர். அது ‘பில்ரோ’ என்னும் போர்த்துக்கேயச் சொல்லின் திரிபாகும். கட்டையின் பெயரே பின்னலுக்கும் ஆகிவந்ததனால், தென்கரையில் கையால் பின்னப்படும் ரேந்தை முழுவதும் பீரலு ரேந்தை என்றே அறியப்படுகிறது. பின்னலைத் தாங்கி நிற்கும் குண்டூசிக்குச் சிங்களத்தில் வழங்கும் ‘அல்பெனெத்தி’ என்ற பெயரும் அதே மொழியின் கொடைதான். செய்பொருள், கருவி, ஊசி ஆகிய மூன்றின் பெயரும் ஒரே மொழியிலிருந்து வந்திருக்கும்போது, அக்கலையைக் கொண்டுவந்தவர் யார் என்பதற்கு வேறு சாசனம் தேட வேண்டியதில்லை.

1505இல் போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்தனர். 1640இல் காலிக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு மாறியது. 1796இல் கரையோரம் ஆங்கிலேயரிடம் சென்றது. இம்மூன்று ஆட்சிகளின் நிழலில் காலி, வெலிகம, மாத்தறை, திக்வெல்லை ஆகிய தென்கரை ஊர்களில் ரேந்தை பின்னுதல் பெண்களின் தொழிலாக நிலைத்தது. கண்டி இராச்சியமோ 1815 வரை எவருக்கும் அடங்காமல் நின்றமையால், மலைநாட்டில் இக்கலை பரம்பரைத் தொழிலாக வேரூன்றவில்லை. உடையைப் பார்த்தாலே இவ்வேறுபாடு தெரியும். கீழ்நாட்டுச் சிங்களப் பெண்கள் அணிந்த ‘கபாகுருத்துவ’ என்னும் வெள்ளைச் சட்டைக்கு, கழுத்து வெட்டிலும் கைநுனியிலும் பீரலு ரேந்தை வைத்துத் தைப்பது வழக்கமாக இருந்தது. ஒசரி என்னும் மலைநாட்டுச் சேலைக்கு அந்த வழக்கம் உரியதன்று. ஆயினும் மலைகள் முற்றிலும் மூடிய சுவராகவும் இருந்துவிடவில்லை. கண்டிப் பிரதானிகளின் உடையில் காணப்படும் உப்பிய கையும் அகன்ற கழுத்துப்பட்டியும் கரையோர ஐரோப்பிய உடையின் சாயலைக் கொண்டவை. மலைநாட்டு ஊரான தெல்தெனியவுக்கு அப்பால் மெதமகாநுவரைப் பகுதியில் 1815 பெப்ரவரி 18 அன்று பிடிபட்ட கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனைக் காட்டும் படங்களிலும் அச்சாயலைக் காணலாம். உடையின் வடிவம் மலையேறி வந்திருந்தும், அதன் ஓரத்தைப் பின்னும் தொழில் கரையிலேயே தங்கிவிட்டது என்பது கவனிக்கத்தக்கது.

நூலைக் கையால் பின்னி வயிறு வளர்த்தவர் பற்றிய பழைய குறிப்பொன்று கண்டி இராச்சியத்திலிருந்தே கிடைக்கிறது. 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி மன்னனின் ஆட்சிப் பரப்பில் சிறையிருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தாமும் தம்மோடிருந்தவர்களும் தொப்பி பின்னி விற்றுப் பிழைத்ததைத் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். நூல் மூன்று பென்ஸ் பெறும், தொப்பி ஒன்பது பென்ஸுக்கு விலைபோகும், ஆகவே ஒரு தொப்பிக்கு ஆறு பென்ஸ் கைக்கூலியாக நிற்கும் என்பது அவர் தரும் கணக்கு. அனைவரும் ஊக்கமாகப் பின்னத் தொடங்கியதும் தொப்பிகள் மலிந்து, விலை வீழ்ந்து, வியாபாரம் படுத்துவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. அது ஊசிப்பின்னலே தவிர ரேந்தையன்று. ஆயினும் கைப்பின்னலின் பெறுமதி என்பது நூலின் விலையைக் கழித்தபின் கையில் நிற்கும் நேரத்தின் விலையே என்ற உண்மை, இத்தீவில் எழுத்தில் பதிந்த மிகப் பழைய இடங்களுள் ஒன்று அது. ரேந்தையின் வரலாறு முழுவதையும் அந்த ஆறு பென்ஸின் வரலாறாகவே வாசிக்க முடியும்.

பின்னலின் செய்முறையை அறியாமல் அந்த நேரத்தின் அளவு விளங்காது. ஆகவே அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென்கரைப் பீரலுத் தலையணை, இறுக்கமாக அடைத்த ஒரு திண்டும் அதன் நடுவே சுழலக்கூடிய உருளையும் கொண்டது. உருளையைச் சுற்றி ஒரு தடித்த தாள் ஒட்டப்படும். அதில் கோலம் புள்ளிகளாகக் குத்தப்பட்டிருக்கும். இதைக் குத்துத்தாள் எனலாம். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குண்டூசி நிற்கவேண்டிய இடம். பின்னல் முன்னேற முன்னேற உருளை திரும்பிக்கொண்டே போகும். முடிந்த ரேந்தை பின்புறம் இறங்கும். தாளின் இரு முனைகளும் சரியாகப் பொருந்தும்படி ஒட்டியிருந்தால், எத்தனை முழமானாலும் கோலம் முறியாமல் ஓடும். அந்தப் பொருத்தில் ஒரு புள்ளி விலகினாலும், உருளை ஒரு சுற்று வரும்போதெல்லாம் அதே இடத்தில் அதே பிழை திரும்பவும் வந்து நிற்கும் என்பதைப் பழகுபவர் தமது முதல் முழத்திலேயே கற்றுக்கொள்கிறார்.

ஒரு நூலின் இரு முனைகளும் இரண்டு கட்டைகளில் சுற்றப்பட்டு ஒரு சோடியாகும். நூல் தானாக அவிழாதபடி கட்டையின் கழுத்தில் ஒரு சுருக்கு இடப்படும். அச்சுருக்கைத் தவறான பக்கம் இட்டால் கட்டை கீழிறங்கிக்கொண்டே இருக்கும், தொழில் நடக்காது. எத்தனை கட்டைகள் தொங்கினாலும் ஒரு நேரத்தில் கையாளப்படுபவை இரண்டு சோடிகளாகிய நான்கு கட்டைகளே; அவற்றுக்கு உரிய அசைவுகளும் இரண்டே. இடமிருந்து எண்ணினால் இரண்டாவது கட்டை மூன்றாவதன் மேலாகச் செல்வது குறுக்கிடல். இரண்டாவது முதலாவதன் மேலும், நான்காவது மூன்றாவதன் மேலும் செல்வது முறுக்கல். குறுக்கிடல், முறுக்கல், மறுபடி குறுக்கிடல் என மூன்றும் சேர்ந்தால் நெய்த துணி போன்ற அடர்ந்த பரப்பு உண்டாகிறது, இது துணித்தையல். குறுக்கிடலும் முறுக்கலும் ஒருமுறை மட்டும் வந்தால் நூல்கள் சாய்ந்து ஓடும் மெல்லிய பரப்பு உண்டாகிறது, இது அரைத்தையல். அரைத்தையல், ஊசி, அரைத்தையல் என்று சாய்வான வரிசையில் இறங்கி வந்தால் வலை போன்ற தளம் அமைகிறது. பூவும் இலையும் விசிறியும் சிலந்தியும் ஆகிய எல்லாக் கோலங்களும் இந்த இரண்டு அசைவுகளின் எண்ணிக்கையிலிருந்தே பிறக்கின்றன. உலகில் இவ்வளவு குறைந்த எழுத்துகளைக் கொண்டு இவ்வளவு எழுதிய கைத்தொழில் வேறொன்று இருப்பது அரிது.

சிலந்தி என்பது வலைத்தளத்தின் நடுவே இருபுறமிருந்தும் கால்கள் வந்து கூடும் உருவம். வரும் சோடிகள் ஒவ்வொன்றும் நன்கு முறுக்கப்பட்டுக் கால்களாகின்றன. நடுவில் அவை துணித்தையலில் ஒன்றையொன்று கடந்து, நடுவூசியை அணைத்து, மீண்டும் கடந்து, முறுக்கப்பட்டு வெளியேறுகின்றன. காலின் முறுக்கு ஒன்றில் குறைந்தாலும் உடல் ஒருபக்கம் சாய்ந்துவிடும். இலை இதைவிடக் கடினம்: இரண்டு சோடிகளின் நான்கு நூல்களுள் மூன்று நூல்கள் நேராகத் தொங்க, நான்காவது நூல் அவற்றினூடே தறியின் ஊடைபோல இங்குமங்கும் ஓடி நடுவே அகன்றும் இருமுனையிலும் கூர்ந்தும் ஓர் உருவை நெய்கிறது. ஓடும் அந்த ஒரு நூலைச் சற்று இழுத்தால் முடிந்த இலை முழுவதும் சுருங்கி முடிச்சாகிவிடும். இலை முடிந்த பிறகு வேறோரிடத்தில் வேலை செய்யும்போது அக்கட்டை தற்செயலாகத் தொங்கினாலும் அதே கேடுதான். ஆகவே தேர்ந்தவர்கள் ஓடிய கட்டையைத் தனியே ஒதுக்கி வைத்து, அதன் துணைச்சோடியை முதலில் வேலையில் சேர்ப்பர். இத்தகைய நுட்பங்கள் எந்தக் குத்துத்தாளிலும் எழுதப்படுவதில்லை. அவை கையிலிருந்து கைக்கு மட்டுமே செல்கின்றன.

ரேந்தையின் இரண்டு ஓரங்களுக்கும் இரண்டு வேலைகள் உண்டு. துணியோடு வைத்துத் தைக்கப்படும் நேரான ஓரம் தையலோரம். வெளியே தெரியும் வளைவான ஓரம் பூவோரம். தொடக்கநிலையினர் பூவோரத்தில் கண் வைத்துத் தையலோரத்தைத் தளர விட்டுவிடுவது வழக்கம். தைத்து ஒருமுறை தோய்த்தபின் தளர்ந்த தையலோரம் நெளிந்து, பூவோரத்தின் அழகையும் கெடுத்துவிடும். ஒரு ரேந்தையின் தரத்தை அறிய விரும்புபவர் பூவைப் பார்க்கக்கூடாது. தையலோரத்தைப் பார்க்க வேண்டும்.

நூலின் செலவிலும் ஒரு கணக்கு உண்டு. பின்னலில் சில சோடிகள் பெரும்பாலும் நேராக இறங்குகின்றன. அவை நிற்கும் சோடிகள். ஒரு சோடி மட்டும் அவற்றினூடே வலமும் இடமுமாக ஓடுகிறது. அது ஓடும் சோடி. ஓடும் சோடி உண்ணும் நூல் நிற்கும் சோடியின் நூலைப் போலப் பன்மடங்கு. எல்லாக் கட்டைகளிலும் ஒரே அளவு நூல் சுற்றித் தொடங்குபவருக்குப் பாதி வழியில் ஓடும் சோடி தீர்ந்துபோகும். அப்போது முடிச்சுப் போடுவது முறையன்று. புதிய நூலைப் பழைய நூலோடு சில ஊசிகள் வரை இரட்டையாக ஓடவிட்டு, பிறகு இரண்டின் மிச்சத்தையும் வெட்டிவிட வேண்டும். பிழை நேர்ந்தால் அறுப்பதற்கு இடமில்லை. செய்த அசைவுகளைப் பின்னிருந்து முன்னாக ஒவ்வொன்றாகத் திருப்பிச் செய்து, ஊசிகளைப் பிடுங்கி, பிழை நேர்ந்த இடம் வரை திரும்பிப் போக வேண்டும். அரை மணி நேர வேலையை அவிழ்க்க ஒரு மணி நேரம் ஆவது உண்டு. விரலகல ரேந்தை பின்னும் பயின்ற கைக்கும் ஒரு பகல் முழுவதும் இருந்தால் ஒரு முழம், மிஞ்சினால் ஒன்றரை முழம்தான் கிடைக்கும்.

இக்கலைக்குப் பரம்பரை இல்லாத மலைநாட்டில், தெல்தெனியவில் இருந்துகொண்டு அதைப் பழகுபவர் தென்கரையில் எவரும் சொல்லித்தராத சிலவற்றைத் தாமே கண்டறிய வேண்டியிருக்கிறது. ஒருபுறம் நக்கிள்ஸ் மலையும் மறுபுறம் விக்டோரியா நீர்த்தேக்கமும் சூழ்ந்த இவ்வூரில், மழை நாட்களில் காற்றின் ஈரம் நூலில் ஏறுகிறது. ஈரமேறிய பருத்தி நூலின் இறுக்கம் காய்ந்த நூலின் இறுக்கத்திலிருந்து வேறுபடுகிறது. ஒரே ரேந்தையில் மழைநாள் முழமும் வெயில்நாள் முழமும் இருவேறு இறுக்கத்தில் அமைந்துவிடுகின்றன. இரும்புக் குண்டூசிகளை நாட்கணக்கில் குத்தி வைத்தால் துருவின் புள்ளி வெள்ளை நூலில் இறங்கிவிடும். அது பின்னர் எத்தோய்ப்பிலும் போவதில்லை. ஆகவே பித்தளை அல்லது துருப்பிடிக்காத உருக்கு ஊசிகளே வேண்டும். தலையணையை இரவில் துணியால் மூடிவைப்பது தூசிக்காக மட்டுமன்று, ஈரத்துக்காகவும்தான். ஊசிகளைப் பிடுங்குவதிலும் அவசரம் கூடாது: ஓரத்து ஊசிகள் வெளிப்புறம் சாய்ந்தும், நடுவூசிகள் பின்புறம் சாய்ந்தும் நிற்க, முடிந்த பின்னல் தன் வடிவில் நிலைக்கும் வரை அவை இருக்க வேண்டும்.

மலைநாட்டுக்கு ரேந்தைப் பரம்பரை இல்லையே தவிர, நாரும் நூலும் கொண்டு எண்ணிக் கோலம் போடும் பரம்பரை இல்லாமலில்லை. தெல்தெனிய அடங்கிய தும்பறைப் பள்ளத்தாக்கின் பெயராலேயே அறியப்படும் தும்பறை ரட்டா கலால என்னும் கோலப்பாய், கண்டி நகருக்குக் கிழக்கே மெனிக்கின்னையை அடுத்த கலாசிறிகம முதலிய சிற்றூர்களில் நெய்யப்படுகிறது. மருள் இனத்து நாரும் ‘ஹண’ எனப்படும் கற்றாழை நாரும் அதற்கு மூலப்பொருள். இலையை வழவழப்பான மரக்கட்டையின் மேல் வைத்துச் சதை போகச் சுரண்டி, நாரைக் கழுவி உலர்த்திச் சாயம் ஏற்றுவர். சிவப்புக்குச் சப்பங்கக் கட்டை, மஞ்சளுக்கு மரமஞ்சள் என்பவை பழைய முறை. தரையோடு தாழ்ந்த தறியில் பருத்தி நூல் பாவாகவும் நார் ஊடையாகவும் நிற்க, பாவின் இழைகளை எண்ணிக் குச்சிகளால் தூக்கி, யானை, மான், பாம்பு, முறுக்குக்கயிறு ஆகிய உருவங்களை நெய்வர். பட்டமடைப் பாயை அறிந்த தமிழ் வாசகருக்குத் தறியின் அமைப்பு புதிதாகத் தோன்றாது. ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலில் கண்டி நாட்டுக் கைவினைகளைப் பதிவு செய்தார். அவருடன் 1903 முதல் இலங்கையில் வாழ்ந்து அப்பணியில் பங்குகொண்ட துணைவியார் எதெல் பின்னாளில் இங்கிலாந்தின் முதன்மையான கைத்தறி நெசவாளர்களுள் ஒருவராக விளங்கினார். 2021இல் யுனெஸ்கோ தும்பறைப் பாயை மனிதகுலத்தின் தொட்டறியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. பிரான்சின் அலான்சோன் ஊசி ரேந்தையும் சுலோவீனியாவின் கட்டை ரேந்தையும் முறையே 2010இலும் 2018இலும் சேர்க்கப்பட்ட அதே பட்டியல்தான் அது.

ஆனால் அந்தப் பாயை நெய்தவர்கள் கின்னரர் எனப்பட்ட, கண்டிச் சாதி அடுக்கில் மிகத் தாழ்த்தி வைக்கப்பட்ட சமூகத்தினர். அரண்மனைக்குப் பாய் கொடுப்பது அவர்களுக்கு விதிக்கப்பட்ட ஊழியம். மன்னனின் சுவரை அலங்கரித்த கைகளுக்கு மன்னனின் அவையில் இடமில்லை. இந்த முரணை மனத்தில் வைத்துக்கொண்டு கடலுக்கு அப்பால் நாகர்கோவிலுக்குச் சென்றால், ரேந்தையின் தமிழ் வரலாறும் அதே இடத்திலிருந்துதான் தொடங்குகிறது என்பது தெரியவரும்.

1819இன் இறுதியில் இலண்டன் மிசனைச் சேர்ந்த சார்ல்ஸ் மால்ட் நாகர்கோவிலுக்கு வந்தார். அவருடைய மனைவி மார்த்தா மால்ட் 1820களில் அங்கிருந்த பெண்கள் பள்ளியில் கட்டை ரேந்தையைக் கற்பித்தார். கற்றவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள். அவர்களுள் அடிமைகளாகப் பிறந்தவர்களும் இருந்தனர். ரேந்தையால் கிடைத்த காசைச் சேர்த்து, தம்மை உடைமையாகக் கொண்டிருந்தவருக்கு விலை கொடுத்துத் தம்மை மீட்டுக்கொண்டவர்கள் உண்டு என்பதை மிசன் பதிவுகள் கூறுகின்றன. நாகர்கோவில் அடங்கியிருந்த திருவிதாங்கூரில் அடிமை முறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. அக்காலத்தில் அங்கே தாழ்த்தப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடும் உரிமைக்காகப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. தோள்சீலைப் போராட்டம் எனப்படும் அதன் விளைவாக 1859இல் வந்த அரச ஆணை கூட, சட்டை அணிய இடங்கொடுத்ததே தவிர உயர்சாதிப் பெண்களைப் போல மேலாடை அணிய இடங்கொடுக்கவில்லை. தம் தோளில் ஒரு சீலையை இட உரிமையற்றிருந்த பெண்கள், கடல் கடந்த சீமாட்டிகளின் கழுத்துக்கும் கைநுனிக்கும் ரேந்தை பின்னினார்கள். இக்கலையின் அழகைப் பற்றி எழுதுபவர் எவரும் இதைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. அதே ரேந்தைதான் அவர்களுள் சிலருக்கு விடுதலையின் விலையையும் ஈட்டித் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மால்ட் தம்பதியரின் மகள் எலைசா 1844இல் ரொபர்ட் கால்டுவெல்லை மணந்து இடையன்குடிக்குச் சென்றார். தாயிடம் கற்ற ரேந்தையை அவ்வூர்ப் பெண்களுக்குக் கற்பித்தார். 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காகக் கால்டுவெல்லைத் தமிழுலகம் அறிந்திருக்கிறது. அதே வீட்டின் இன்னோர் அறையில் வளர்ந்த ரேந்தையை அறிந்தவர் குறைவு. தேரிமணலும் பனையும் மட்டுமே இருந்த ஊரில் அது பெண்களின் கைக்குக் காசு கொண்டுவந்த தொழில்; இடையன்குடியின் பெயரோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படுவது. இடையன்குடி அடங்கிய இதே திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் கண்டி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் பெருந்தொகையான மக்கள் வந்தனர். 1854இல் கண்டியை மையமாகக் கொண்டு தோட்டத் தமிழருக்கென மிசன் தொடங்கப்பட்டபோது உபதேசிமாரும் திருநெல்வேலியிலிருந்தே வந்தனர். மனிதர் வந்த வழியில் ரேந்தை வரவில்லை. பகல் முழுவதும் கொழுந்துக் கூடையைச் சுமந்த கைக்குக் கட்டைகளை எண்ண நேரம் எங்கே இருந்திருக்கும்?

ஐரோப்பாவிலும் இக்கலை எளியவர் கையிலேயே வளர்ந்தது. பதினாறாம் நூற்றாண்டில் வெனிஸிலும் பிளாண்டர்ஸிலும் ஊசி ரேந்தை, கட்டை ரேந்தை என்னும் இரு கிளைகளும் தோன்றின. வெட்டுத்துணி வேலையிலிருந்து படிப்படியாகத் துணியை நீக்கி, ஊசியாலேயே வெறும் காற்றில் தைப்பதுபோல வளர்ந்தது முன்னது. குஞ்சமும் பின்னல்நாடாவும் செய்யும் முறையிலிருந்து வளர்ந்தது பின்னது. 1557இல் வெனிஸில் அச்சான ‘லெ பொம்பெ’ என்னும் கோலநூல் கட்டை ரேந்தைக்கென வெளிவந்த மிகப் பழைய அச்சுநூல். 1840இல் விக்டோரியா மகாராணி தம் திருமணத்துக்கு டெவன் மாகாணத்து ஹொனிட்டன் ரேந்தையை அணிந்தது, பொறியால் நலிந்துகொண்டிருந்த அவ்வூர்ப் பின்னலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவும்தான். பியர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் இருநூறுக்கு மேற்பட்ட பெண்கள் அதைப் பின்னினர். 

பின்னலாளரை நலியச் செய்த பொறிகளின் வரலாறு சுருக்கமானது. ஜோன் ஹீத்கோட் 1808, 1809 ஆம் ஆண்டுகளில் வலைத்தளம் நெய்யும் பொறிக்கு உரிமை பெற்றார். 1816இல் லவ்பரோ நகரில் அவருடைய ஆலையின் 55 பொறிகளைத் தொழிலாளர் கூட்டம் உடைத்தது. அவர் டெவனில் உள்ள டிவர்ட்டனுக்குத் தொழிலை மாற்றினார். 1863இல் சுவிட்சர்லாந்தின் ஐசாக் குரோப்லி செய்த பூவேலைப் பொறி வழியே, கரையும் துணியில் பூவேலை செய்து துணியை மட்டும் கரைத்துவிடும் போலி ரேந்தையும் பின்னர் வந்தது. கண்டிப் பட்டினத்துப் புடவைக் கடைகளில் யார் கணக்கில் விற்கப்படும் ரேந்தை ஏறத்தாழ முழுவதும் இத்தகைய பொறி வேலையே. வேறுபாடு அறிய விரும்புபவர் ஓர் ஊசிமுனையால் ஒரு நூலைப் பற்றி அதன் வழியே சென்று பார்க்கலாம்: கையால் பின்னியதில் அந்நூல் பூவுக்குள் நுழைந்து, வெளியேறி, தளத்தைக் கடந்து அடுத்த பூவுக்குச் செல்வதைத் தொடர முடியும், கரைத்தெடுத்ததில் நூல் சென்றவழி தெரியாது, ஓரங்களில் பஞ்சு மட்டும் நிற்கும்.

காலியின் ரேந்தைக்கு வந்த முதல் பெரும் அடி பொறியால் வந்ததன்று, துறைமுகத்தால் வந்தது. நீராவிக் கப்பல்கள் காலியில் தரித்த காலத்தில், ஆமையோட்டுச் சீப்பு, கருங்காலி யானை ஆகியவற்றோடு ரேந்தையும் பயணிகளிடம் விற்கப்பட்டது. 1875இல் தொடங்கிய கொழும்பு அலைதடுப்புச் சுவர் 1885இல் நிறைவடைய, கப்பல்கள் கொழும்புக்கு மாறின; வாங்குபவர் வாசலுக்கு வந்த காலம் முடிந்தது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை தென்கரையில் வீடுகளோடு தலையணைகளையும் கட்டைகளையும் குத்துத்தாள்களையும் கொண்டுபோனது. கட்டையை மறுபடி கடைந்துகொள்ளலாம். ஒரே ஒரு வீட்டில் மட்டும் இருந்த குத்துத்தாள் போனால், அந்தக் கோலம் எவர் கையிலாவது பதிந்திருந்தாலன்றி மீளாது.

இத்தொழிலைக் கெடுத்த இன்னொன்று, இதைத் தொழில் என்று எண்ணாத மனப்பான்மை. ஆந்திரத்தின் நரசாபுரத்தில் குரோசே ரேந்தை பின்னும் பெண்களை ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்ட ஜெர்மன் சமூகவியலாளர் மரியா மீஸ், ஏற்றுமதிச் சந்தைக்காக நாள் முழுவதும் பின்னும் அவர்கள் வீட்டிலிருக்கும் இல்லத்தரசிகளாகவும், அவர்களின் உழைப்பு ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவும் கருதப்பட்டமையே கூலி அவ்வளவு தாழ்ந்திருந்ததற்கு அடிப்படை என்று காட்டினார். அந்த முடிவு நரசாபுரத்துக்கு மட்டும் உரியதன்று. வெலிகமவிலும் இடையன்குடியிலும் கலாசிறிகமவிலும் கூலி பெரும்பாலும் நீளத்தாலோ எண்ணிக்கையாலோதான் அளக்கப்பட்டு வந்திருக்கிறது. ஒரு யார் வலைத்தளமும் ஒரு யார் இலைவேலையும் நீளத்தில் ஒன்று, நேரத்தில் ஒன்றல்ல. நீளத்துக்கு விலை கொடுக்கும் சந்தையில் இலை முதலில் மறையும், அடுத்துச் சிலந்தி மறையும், எளிய தளம் மட்டும் மிஞ்சும். அதுவோ பொறி மிக எளிதாகச் செய்வது. கைரேந்தையை வாங்குபவர் அதன் நீளத்தைக் கேட்பதற்கு முன், அது எத்தனை நாள் வேலை என்று கேட்பாரானால், நல்ல கோலங்கள் சிலவாவது மிஞ்சும்.

மலைநாட்டிலும் வடக்கிலும் பல தமிழ் வீடுகளின் பெட்டகங்களில், பாட்டிமாரின் சட்டைக் கழுத்திலும் தலையணை உறையிலும் லேஞ்சியின் ஓரத்திலும் தைத்த கைரேந்தைத் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. அவற்றை வெளுக்கும் தூளில் ஊறவைக்க வேண்டாம். பழைய பருத்தி நூல் அதைத் தாங்காது. வெறும் நீரில் அலசி, கறுப்புத் துணியொன்றின் மேல் விரித்து, சுருக்கங்களை விரலால் நீவி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் ஊசித்துளைகளை ஒவ்வொன்றாகக் கட்டமிட்ட தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஓடும் சோடி எவ்வழி சென்றது என்பதை ஒரு கோட்டால் காட்டி, ஊரின் பெயரையும் நூலின் பருமனையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். அத்தாளும் இருபத்துநான்கு கட்டைகளும் இருந்தால், எளிய பழைய ஓர ரேந்தைகளை மறுபடி பின்னிவிடலாம்.